என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு

புளியங்குடியிலும் சுற்று வட்டாரத்திலும் இன்று ஐம்பதைத் தொட்டுக்கொண்டும் தாண்டிக்கொண்டும் இருக்கும் என் பழைய மாணவ மாணவியருக்கு,

உங்களில் பலரை அடிக்கடி பார்க்கிறேன். எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறீர்கள், தறி ஓட்டுகிறீர்கள், மருந்துக்கடையில் நிற்கிறீர்கள். பெண்களில் பலர் பீடி சுற்றுகிறீர்கள், சிலர் என்னைப் போலவே சாக்பீஸ் பிடிக்கிறீர்கள். என்னைக் கண்டதும் வண்டியை நிறுத்தி “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்கிறீர்கள். அடுத்த கேள்வி கொஞ்ச காலமாக எல்லோரிடமும் ஒன்றாகவே இருக்கிறது: “அப்பாவுக்கு மறதி ரொம்ப ஜாஸ்தியாயிட்டு சார். இதுக்கு மாத்திரை ஏதும் உண்டா?” வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்ற அந்தக் கால நம்பிக்கை இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை போலும்.

கேட்டுவிட்டீர்களே என்று தேடிப் படித்தேன். தெரிந்த டாக்டர்களிடமும் விசாரித்தேன். நீங்கள் கேட்டது அப்பாவைப் பற்றி. எனக்குக் கிடைத்த பதிலில் பாதிக்கு மேல் உங்களைப் பற்றி. அதை ரோட்டில் நின்று சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

1985-ல் உங்களில் பலர் ஆறாம் வகுப்பில் என்னிடம் பின்னம் படித்துக்கொண்டிருந்தீர்கள். அதே ஆண்டு லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களை ஓர் ஆய்வில் சேர்க்கத் தொடங்கினார்கள், மொத்தம் 10,308 பேர். எல்லோரும் 35 முதல் 55 வயதுக்காரர்கள். குமாஸ்தா முதல் உயர் அதிகாரி வரை உண்டு. இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு என்று அதற்குப் பெயர். அவர்களின் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, நடை, தூக்கம் எல்லாவற்றையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து, பிற்காலத்தில் யார் யாருக்கு மறதி நோய் வந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

கிடைத்த விடைகளில் இரண்டைச் சொல்கிறேன். 50 வயதில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 130-ஐத் தாண்டியிருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. அதே அளவை 60 வயதிலோ 70 வயதிலோ எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. சர்க்கரையும் இப்படித்தான். 70 வயதில் நிற்கும் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குச் சர்க்கரை வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது, இன்னொருவருக்குச் சர்க்கரையே இல்லை. முதல் ஆளுக்கு மறதி நோய் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண் எவ்வளவு என்பதோடு, அது எத்தனை வருஷமாக உடம்பில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கணக்கு. எட்டாம் வகுப்பில் உங்களை அழ வைத்த கூட்டு வட்டிதான் இது. அசலை விட்டுவிட்டுக் காலத்தைப் பாருங்கள் என்று அன்றைக்கே தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

மறதி நோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோயில் மூளைக்குள் கெட்ட புரதம் படியத் தொடங்குவது, வெளியே மறதி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே என்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு என்றால் அவர் மூளையில் அது தொடங்கியபோது அவருக்கு அறுபதை ஒட்டிய வயதுதான் இருந்திருக்கும். நீங்கள் அந்த வாசலில்தான் இப்போது நிற்கிறீர்கள். கமிஷன் கடைக்காரர்களே, வீட்டிலிருந்து மார்க்கெட் எவ்வளவு தூரம்? நடந்தால் பத்து நிமிஷம். அதற்குப் புல்லட். டீக்கடைக்கு ஆக்டிவா. எதிர்வரிசைக் கடையிலிருந்து சில்லறை வாங்கப் பையனை ஏவுகிறீர்கள். 2024-ல் வந்த ஓர் உலகக் கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உடம்புக்குத் தேவையான அளவு அசைவதில்லை. பெண்களில் அது 57 சதவீதம். நம் ஊர் இதற்கு விதிவிலக்கு என்று நினைத்தால் காலை பதினொரு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாக்கள் உடற்பயிற்சி செய்தவர்கள் அல்ல. எலுமிச்சைத் தோட்டத்தில் பழம் பொறுக்குவதை நினைத்துப் பாருங்கள். விடிந்தும் விடியாமலும் போக வேண்டும். மஞ்சள் பாய்ந்த பழங்கள் ராத்திரியே உதிர்ந்து கிடக்கும். கிளைகள் தாழ்ந்திருக்கும், நிமிர்ந்தால் முள் முதுகைக் கீறும். ஆகவே குந்த வேண்டும். குந்தியபடியே இரண்டடி நகர்ந்து, சருகை விலக்கி, பழத்தை எடுத்துக் கூடையில் போட்டு, எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். அப்புறம் மூட்டை கட்டி சைக்கிள் கேரியரில் வைத்து மார்க்கெட்டுக்கு மிதிக்க வேண்டும். அங்கே பெருசு, நடுத்தரம், பொடி என்று கண்ணாலேயே தரம் பிரித்து, ஏலம் போகும்போதே மூட்டைக்கு என்ன விழும், கமிஷன், கூலி போகக் கையில் என்ன நிற்கும் என்று மனசுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் வேலை, மூன்று நாளாவது கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சி. அந்த ஒரு வாரப் பாடத்தை உங்கள் அப்பா மூன்று காலையில் முடித்துவிட்டு வந்து பழைய சோறு சாப்பிட்டார். காலால் மிதித்துக் கைத்தறி நெய்தவர்களுக்கும் இதே கதைதான்.

உடனே ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வில் இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பள்ளிக்கூடம் போகாததும் ஒரு பெரிய காரணம். அந்தத் தலைமுறையில் பெண் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். கண்டுபிடிக்காமலே விட்ட ரத்தக் கொதிப்பும், வாயில் அணையாத பீடியும் அந்தப் பொற்காலத்தில்தான் இருந்தன. வயிற்றுக்காக முதுகு ஒடிய உழைப்பதும், மனசு லேசாக நடந்து வருவதும் உடம்புக்கு ஒன்றல்ல. உழைத்தவர்களுக்கு நோய் வராது என்று நான் சொல்லவில்லை. அந்த அசைவை நீங்கள் அறவே நிறுத்திவிட்டீர்களே, அதுதான் என் ஆதங்கம்.

அதோடு விட்டீர்களா, அப்பாவையும் நிறுத்திவிட்டீர்கள். சாயங்காலம் எந்தத் தெருவுக்குள் போனாலும் திண்ணை இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு பெரியவர். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் அதைப் பார்க்கவும் இல்லை. எழுந்தால் “எங்கப்பா போறீங்க, உட்காருங்க” என்று ஒரு குரல். பாசம்தான், மறுக்கவில்லை. பாசத்தோடு ‘ரெண்டு பையன் சம்பாதிக்கான், அப்பனைத் தோட்டத்துக்கு அனுப்புதான் பாரு’ என்று ஊர் பேசுமே என்ற பயமும் கலந்திருக்கிறது. மலையடித் தோட்டங்களில் யானை வருகிறது, பன்றி வருகிறது என்பதும் நிஜம். விடியலில் தனியாக அனுப்பச் சொல்லவில்லை. ஆனால் பால் வாங்க அனுப்பலாம். ரேஷன் கடைக்கு அனுப்பலாம். வீட்டு வரவு செலவு நோட்டை அவர் கையில் கொடுக்கலாம். தப்பாகக் கூட்டினால் நீங்கள் ராத்திரி சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிய வேண்டாம்.

நடந்தால் மறதி நோய் வராதா என்று நேராகவே கேட்பீர்கள். இதில் உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. நடப்பவர்களுக்கு நோய் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டனில் எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் கையில் கருவி மாட்டிக் கணக்கெடுத்து 2022-ல் வெளியிட்டார்கள். தினம் சுமார் 3,800 காலடி நடந்தவர்களுக்கே நோய் கால் பங்கு குறைவு. 9,800 காலடி வரை போனவர்களுக்குப் பாதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன லண்டன்காரர்களை ஏறக்குறைய 27 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-ல் எழுதியவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒன்பது ஆண்டு முன்பிருந்தே அந்த ஆட்களின் நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. நடக்காததால் நோயா, நோய் உள்ளே புகுந்ததால் நடை குறைந்ததா? இந்தக் கேள்வி தீர்ந்தபாடில்லை. வெறும் ஒப்பீட்டை வைத்துக் காரணம் சொல்லக் கூடாது என்று புள்ளியியல் பாடத்தில் சொன்னேனே, அந்த இடம்.

அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகளுக்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழுவினர் 120 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிஷம் வரை நடக்க வைத்தார்கள். மறு பாதிக்குக் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருஷம் கழித்து மூளையைப் படம் எடுத்தார்கள். புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, நடந்தவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. 2011-ல் வந்த முடிவு இது. 2015-ல் பின்லாந்தில் மியா கிவிபெல்டோ என்ற மருத்துவர் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரை வைத்துச் செய்த இன்னும் பெரிய சோதனையின் முடிவை வெளியிட்டார். உடற்பயிற்சி, சாப்பாட்டுத் திருத்தம், மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம்–சர்க்கரை கண்காணிப்பு நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்தக் குழுவின் அறிவுத்திறன் மதிப்பெண்ணில் முன்னேற்றம், வெறும் ஆலோசனை பெற்ற குழுவைவிட 25 சதவீதம் கூடுதல். நான்கும் சேர்ந்து என்பதை அடிக்கோடிடுங்கள். காலையில் நடந்துவிட்டு நேராகப் புரோட்டாக் கடைக்குப் போகிறவர்களைத்தான் பார்த்துச் சொல்கிறேன்.

2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு வெளியிட்ட பட்டியலில் பதினான்கு காரணங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தள்ளிப்போடலாம், தவிர்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மீதி 55 நம் கையில் இல்லை. பரம்பரை உண்டு, வயது உண்டு. நோய் வந்துவிட்டவர்களைப் பார்த்து ‘நீ நடக்கலை, அதான்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பட்டியலில் நமக்கு மிகவும் பொருந்துவது காது. கேட்காத பெரியவரிடம் வீட்டில் பேச்சைக் குறைக்கிறோம், அவரும் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறார், மூளைக்கு வேலை இல்லாமல் போகிறது. 2023-ல் அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் காதுக்கருவி வைத்துச் சோதித்தபோது மொத்தக் குழுவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் மூன்று ஆண்டில் அறிவுத்திறன் சரிவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கண்ணுக்குக் கண்ணாடி போட வெட்கப்படாத நம் ஊர்க்காரர் காதுக்குக் கருவி வைக்க ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார் என்பது எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

கேரளாவுக்குப் பழம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி ஹைதராபாத்தில் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-ல் எழுதினார். இரண்டு மொழி பேசியவர்களுக்கு, ஒரே மொழி பேசியவர்களைவிட நாலரை ஆண்டு தாமதமாக நோய் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. போனில் மலையாளத்தில் பேரம் பேசும் உங்கள் அப்பாவிடமிருந்து அந்த போனைப் பிடுங்காதீர்கள்.

இனி மனசுக்கு வருகிறேன். “அம்மா போன பிறகு அப்பா பேசுறதே இல்லை சார், வயசாயிட்டுல்லா” என்று ஒருவர் சொன்னார். வயசாவது வேறு, பேச்சு நிற்பது வேறு. சாப்பாடு பிடிக்காமல், தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வு உள்ளவருக்கு மறதியும் வரும். பார்க்க அசல் மறதி நோய் போலவே இருக்கும். வைத்தியம் செய்தால் மறதியும் சேர்ந்து தெளிவதுண்டு. நடு வயதில் கவனிக்காமல் விட்ட மனச்சோர்வு பிற்கால மறதி நோய்க்கான பதினான்கு காரணங்களில் ஒன்று. இதில் உடற்பயிற்சிக்கு நல்ல சாட்சி இருக்கிறது. 2024-ல் 218 சோதனைகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். நடை, மெல்லோட்டம், யோகா, பளு தூக்கும் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன. தீவிரமானால் அதோடு மருத்துவரும் வேண்டும். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று நினைப்பவர்கள் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் வீட்டிலிருந்தே பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

பெண்களுக்குத் தனியாக எழுத வேண்டும். பீடித்தட்டை மடியில் வைத்துக் காலை முதல் உட்கார்ந்திருக்கிறீர்கள். நாலு பேர் சேர்ந்து சுற்றுவதால் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை, அது மூளைக்கு நல்லது. இடுப்புக்கும் சர்க்கரைக்கும் நல்லதில்லை, புகையிலைத் தூசி யாருக்குமே நல்லதில்லை. ஆட்டுக்கல்லுக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆயுசில் ஒருநாள்கூட மாவாட்டாத எனக்கு அந்த அருகதை கிடையாது. ஆனால் தெருவில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு ஆடித்தபசுதான் ஞாபகம் வருகிறது. சங்கரன்கோவிலில் கொடியேறியதும் ஆடிச்சுற்று சுற்றுகிறீர்களே, அங்கே கூச்சம் எங்கே போகிறது? எழுபது வயது ஆச்சி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனையாவது சுற்று என்று விரலில் எண்ணிக்கொண்டே, நடுவில் எதிர்வீட்டு மருமகளைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டு நடக்கிறாள். நடை, கணக்கு, கூட்டு, மனசுக்கு ஒரு பிடிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. பின்லாந்துக்காரர்கள் மண்டையை உடைத்துச் சேர்த்த சமாச்சாரத்தில் பெரும்பகுதி நம் கோயில் பிராகாரத்தில் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தானாகவே நடக்கிறது. மீதி நாளுக்கு இடம் இல்லை என்பதுதான் குறை.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லுமுன், அப்பாவுக்கு மாத்திரை கேட்டவர்களுக்கு. பேர் நாக்கு நுனியில் நிற்பதும், சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும் எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. ஐம்பது வருஷம் நடந்த தெருவில் வீடு தெரியாமல் நின்றால், கேட்டதையே பத்து நிமிஷத்தில் மூன்று தடவை கேட்டால், ஏலத்தில் புலியாக இருந்தவர் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை வாங்கத் தடுமாறினால், காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, பாளையங்கோட்டையில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் உறைந்திருப்பது, வேறு நோய்க்குத் தின்னும் தூக்க மாத்திரை, இவையெல்லாம் மறதி நோய் போல வேஷம் போடும். பலவற்றைச் சரிசெய்ய முடியும். அசல் நோய்தான் என்றால் மருந்து ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். அப்போது நடக்க வைத்தால் நோய் நின்றுவிடுமா என்றால், இல்லை. இங்கிலாந்தில் 494 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கடும் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். உடல் வலு கூடியது, அறிவுத்திறன் சரிவு நிற்கவில்லை. ஆனாலும் மெல்ல நடக்கவிடுங்கள். பகலில் நடந்த ஆள் ராத்திரி கொஞ்சம் தூங்குவார், கூட இருப்பவரும் தூங்கலாம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். அன்று உங்கள் கையையும் நீட்டி அளவு பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் கடிக்க மாட்டார்கள்.

இப்போது இடம். விடியற்காலையில் நடக்கிறவர்கள் தென்காசி–ராஜபாளையம் ரோட்டின் ஓரத்தில் நடக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் கேரளா லாரி வருகிறது. மறதி நோயைத் தடுக்கப் போய் மண்டையை உடைத்துக்கொண்டால், அதுவும் அந்தப் பதினான்கில் ஒரு காரணம். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் பாதை அறிவித்தார்கள், நல்ல காரியம். நமக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானங்கள் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரையிலும், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரையிலும் பூட்டிக் கிடக்கின்றன. கேட் திறந்தால் போதும். இரண்டு விளக்கு, உட்கார நாலு பெஞ்சு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை. பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உங்களில் சிலர் இருக்கிறீர்கள், நகராட்சியிலும் இருக்கிறீர்கள். ‘குப்பை போடுவாங்க, சண்டை வரும், சாவி யார் கையில்’ என்று ஆட்சேபம் வரும் என்பது எனக்குத் தெரியும். சாவிக்கு நான் பொறுப்பு. ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் முறை வைத்துத் திறந்து மூடத் தயாராக இருக்கிறோம். குப்பைக்கு அபராதம் வசூலிக்க என் குரல் இன்னும் போதும்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். மார்க்கெட் பக்கத்து மருந்துக்கடையில் இருக்கிறது. அந்தக் கடைக்காரரும் நம் வகுப்புதான். கையெழுத்துப் போடும்போது அங்கேயே ரத்த அழுத்தமும் பார்த்துவிடுவார், காசு வாங்க மாட்டார் என்று அவர் சார்பில் நானே அறிவிக்கிறேன். ஒரு விஷயம். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை யார் யார் போட்டீர்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும், பேசாமல் விட்டேன். இந்த மனுவில் அப்பாவுக்கு ஒரு வரி, அம்மாவுக்கு ஒரு வரி, உங்களுக்கு ஒரு வரி தனித்தனியாகப் போட்டிருக்கிறேன். அவர்கள் கையெழுத்தை அவர்களே போட வேண்டும். கடை வரைக்கும் நடத்தியே கூட்டி வாருங்கள். புல்லட்டில் கொண்டுவந்து இறக்கினால் மனுவைத் தர வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள்
கணக்கு வாத்தியார்
புளியங்குடி